பேட்டரிக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது? மலிவு மீட்டரை வைத்து அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மின்வெட்டின்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காமல் போனபோது, கடைக்காரர் வந்து ஒரு கருவியை இரண்டு முனையிலும் பத்து விநாடி கவ்வவிட்டுப் பார்த்தார். "பேட்டரி போய்விட்டது சார், மாற்றிவிடுங்கள்" என்றார். புதிய 150 ஏஎச் டியூபுலர் (ஈய-அமில வகை) பேட்டரிக்கு அவர் சொன்ன விலை பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. அதைக் கொடுப்பதற்கு முன்பு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு மீட்டர் வாங்கி நானே அளந்து பார்ப்போம் என்று இறங்கினேன். மீட்டர் மூன்று நாளில் வந்துவிட்டது. அதைச் சரியான இடத்தில் பொருத்தத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது.

நீங்கள் அந்த மூன்று வாரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் அமைப்பு இது: 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று, 850 விஏ இன்வெர்ட்டர், மொட்டை மாடியில் 200 வாட் சோலார் பேனல், நடுவில் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் (மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பி.டபிள்யூ.எம். வகை). உங்களுடையது சற்று மாறியிருந்தாலும் முறை ஒன்றுதான். ஏஎச் என்பது ஆம்பியர்-மணி. 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 10 ஏஎச். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் போகிறது.

1. எந்த மீட்டர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் "பவர் மீட்டர்" என்று கேட்டால் மூன்று வேறு பொருள்களைக் காட்டுவார்கள்.

சுவர் பிளக்கில் செருகும் மீட்டர் முதல் வகை. 230 வோல்ட் பக்கத்தில் எத்தனை யூனிட் போனது என்று சொல்லும். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது போதும். ஆனால் அது அளப்பது சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பதை. சார்ஜர் சூடாகி வீணாவதும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே மீட்டர் காட்டும் யூனிட் பேட்டரியின் அளவைவிடக் கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். ஸ்கூட்டருக்கு வாங்கும்போது 16 ஆம்பியர் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஏறுகிறதா என்று கவனியுங்கள். செலவைக் கணக்கிடும்போது, தமிழ்நாட்டில் வீடுகளுக்குத் தரப்படும் இலவச யூனிட்டுகளை ஸ்கூட்டர் கணக்கில் கழிக்காதீர்கள். அவற்றை வீடே தின்றுவிடும். ஸ்கூட்டரின் யூனிட்டுகள் உங்கள் பில்லின் கடைசிக் கட்டணப் படியில் போய் உட்காரும். அந்தப் படியின் விலைதான் கணக்கு.

இரண்டாவது வகைதான் இந்தக் கட்டுரையின் நாயகன்: டிசி வாட் மீட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய நீலத்திரைப் பெட்டி, இரு பக்கமும் சிவப்பு, கறுப்பு வயர்கள். ஒரு பக்கத்தில் "சோர்ஸ்", மறு பக்கத்தில் "லோடு" என்று அச்சிட்டிருக்கும். வோல்ட், ஆம்பியர், வாட், ஏஎச், வாட்-மணி எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் காட்டும். ரிமோட் விமானம் பறக்கவிடுபவர்களுக்காக வந்த கருவி இது.

மூன்றாவது, ஷன்ட் தனியாக வரும் மீட்டர். ஷன்ட் என்பது மிகக் குறைந்த தடையுள்ள கனமான உலோகத் துண்டு. மின்சாரம் முழுவதும் அதன் வழியாகப் போகும். திரைக்கு மெல்லிய வயர் மட்டும் வரும். இன்வெர்ட்டர் கேபிளில் பொருத்தவேண்டுமென்றால் இதுதான் சரி.

சிறிய பெட்டியின் மேல் 100 ஆம்பியர், 130 ஆம்பியர் என்றெல்லாம் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு இன்வெர்ட்டர் கேபிளை வெட்டி நடுவில் செருகிவிடாதீர்கள். அந்த எண் சில விநாடிகளுக்கு. தொடர்ந்து ஓடுவதற்கு நான் 20 ஆம்பியருக்கு மேல் அதை நம்பமாட்டேன். மூன்று மின்விசிறி, நான்கு விளக்கு ஓடினாலே இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் போல இழுக்கும். மிக்சியைப் போட்டால் சொல்லவே வேண்டாம்.

2. தாள்களைத் தேடி எடுங்கள்

அலுப்பான வேலைதான், ஆனாலும் மீட்டருக்கு முன்பு இதைச் செய்யுங்கள். பேட்டரி வாங்கிய பில், வாரன்டி அட்டை, இன்வெர்ட்டர் கையேடு ஆகிய மூன்றும் வேண்டும். பில்லில் பேட்டரியின் வரிசை எண் இருக்கிறதா, அது பேட்டரி மேல் பொறித்த எண்ணுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். என் பில்லில் இல்லை. கடைக்குப் போய் முத்திரையுடன் எழுதி வாங்க ஒரு நாள் ஆனது. வாரன்டி அட்டையில் முழுமையாக மாற்றித் தரும் காலம் எவ்வளவு, அதற்குப் பிறகு விலையில் ஒரு பகுதி மட்டும் கழித்துத் தரும் காலம் எவ்வளவு என்று இரண்டு தனித்தனியாகப் போட்டிருக்கும். உங்கள் பேட்டரி இப்போது எதில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையேட்டில் தேட வேண்டியது, சார்ஜ் மின்னழுத்தமும் சார்ஜ் ஆம்பியரும். 150 ஏஎச் பேட்டரிக்குப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் சார்ஜ் பொருத்தம்.

பேட்டரி மேல் சி20 என்றோ சி10 என்றோ எழுதியிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சி20 என்றால் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால்தான் 150 ஏஎச். அதாவது ஏழரை ஆம்பியர் வீதம். வேகமாக இறக்கினால் அதே பேட்டரி குறைவாகவே தரும். இது ஏமாற்று அல்ல, ஈய-அமில பேட்டரியின் சுபாவம்.

3. வாங்க வேண்டியவை, செலவு

நான் வாங்கியபோது டிசி வாட் மீட்டர் தொள்ளாயிரம் ரூபாய் சொச்சம். சென்னையில் இருப்பவர்கள் ரிட்சி தெருவில் நேரில் பார்த்தே வாங்கலாம், மற்றவர்களுக்கு ஆன்லைன்தான். இதோடு, 6 சதுர மி.மீ. செம்பு வயர் இரண்டு மூன்று மீட்டர், அதற்கேற்ற லக்குகள் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காதுகள்), 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று உறையுடன், சாதாரண மல்டிமீட்டர், ஹைட்ரோமீட்டர் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் குழாய்). மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

லக்குகளைப் பிளையரால் நசுக்கி ஒப்பேற்ற வேண்டாம். பேட்டரிக் கடையிலோ மோட்டார் ரீவைண்டிங் கடையிலோ கொடுத்தால் கிரிம்பிங் கருவியில் அழுத்தித் தருவார்கள். பத்து இருபது ரூபாய் கேட்பார்கள். இந்தச் சிக்கனத்தில்தான் பலரின் அளவுகள் கெடுகின்றன.

4. பெட்டியைப் பிரித்த அன்றே சரிபாருங்கள்

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப ஒரு கெடு உண்டு. "ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்" என்று மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டால் அது முடிந்துவிடும். பிரிக்கும்போதே கைபேசியில் வீடியோ எடுத்துவையுங்கள்.

மீட்டரை பேட்டரியில் தொடுத்து, அது காட்டும் வோல்ட்டையும் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டையும் ஒப்பிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு தாளில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஆம்பியருக்கு, 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை எரியவிட்டு, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாகச் சில விநாடி மட்டும் அளந்து ஒப்பிடலாம். முடித்தவுடன் கம்பியைப் பழைய துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் மல்டிமீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். என்னுடையது போனது.

மிகச் சிறிய ஆம்பியரை இந்த மீட்டர்கள் ஒழுங்காகக் காட்டுவதில்லை. ஒன்றும் ஓடாதபோதும் 0.05 என்று காட்டும், 0.1 ஓடும்போது பூச்சியம் என்று சாதிக்கும். அதை வைத்து நுணுக்கமான முடிவுக்கு வரவேண்டாம்.

5. எங்கே பொருத்துவது

நான் மூன்று முறை தவறியது இந்த இடத்தில்தான். நிதானமாகப் படியுங்கள்.

இந்த மீட்டர் ஒரு திசையில் மட்டுமே எண்ணும். சோர்ஸ் பக்கத்திலிருந்து லோடு பக்கத்துக்குப் போனால் கணக்கில் ஏறும். எதிர்த்திசையில் போனால் மின்சாரம் தாராளமாகப் போகும். திரை மட்டும் பூச்சியம் காட்டும். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் அதே இரண்டு கேபிள்களில்தான் சார்ஜும் ஏறுகிறது, மின்வெட்டில் இறங்கவும் செய்கிறது. அங்கே இதைப் போட்டால் வரவு மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்குப்பிள்ளையாகிவிடும். இரு திசையும் எண்ணும் பேட்டரி மானிட்டர் என்று தனியாக விற்கிறது. இன்வெர்ட்டர் கேபிளுக்கு அதுதான் வேண்டும். விலை கூடுதல்.

சோலார் இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. பேனலிலிருந்து வருவது எப்போதும் ஒரே திசை. அப்படியானால் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு 26 ஏஎச் காட்டியது. மகிழ்ச்சியோடு காபி குடிக்கப் போனேன். இருட்டிய பிறகு எழுதிவைக்கலாம் என்று வந்தால் திரையே அணைந்திருந்தது. மறுநாள் காலையில் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. இந்த மீட்டருக்கு நினைவாற்றல் கிடையாது. தனக்கு வரும் மின்சாரம் நின்றால் அன்றைய கணக்கு அழிந்துவிடும். பேனல் பக்கத்தில் போட்டால் தினமும் சூரியன் மறையும்போது கணக்கும் மறையும்.

ஆகவே கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே போடுங்கள். கன்ட்ரோலரிலிருந்து வரும் வயர் சோர்ஸ் பக்கம், பேட்டரிக்குப் போகும் வயர் லோடு பக்கம். லோடு பக்கத்தில் பேட்டரி இருப்பதால் இரவிலும் மீட்டர் உயிரோடு இருக்கும், கணக்கும் அழியாது. மீட்டர் தனக்காக எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம்; 150 ஏஎச் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டல்ல.

இன்னொரு பொறி, கறுப்பு வயர். மீட்டரின் உள்ளே அளக்கும் பகுதி எதிர்முனைப் பாதையில்தான் இருக்கிறது. கன்ட்ரோலரின் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் வேறு எங்காவது, எலக்ட்ரீஷியன் போட்ட எர்த் கம்பி வழியாகவோ இன்வெர்ட்டர் பெட்டி வழியாகவோ, இன்னொரு தொடர்பு இருந்தால் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வழியே போய்விடும். மீட்டர் குறைத்துக் காட்டும். வெயில் கொளுத்தும்போது 3 ஆம்பியர் மட்டும் காட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கன்ட்ரோலரில் விளக்கு, விசிறிக்கென்று தனி முனைகள் இருந்தால், சோதனை முடியும்வரை அவற்றைக் காலியாக வையுங்கள்.

6. பொருத்தும் வரிசை

நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரியின் இரு முனைகளும் ஸ்பானரால் இணைந்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பானர் சிவந்துவிடும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஊதுபத்தி வேண்டாம்.

இன்வெர்ட்டரின் மெயின் சுவிட்சையும் முன்பக்க சுவிட்சையும் அணையுங்கள். பிறகு பேனல் வயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். பேனலில் வெயில் இருக்கும்வரை மின்சாரம் இருக்கும் என்பதால் கழற்றிய முனைகளை உடனே தனித்தனியாக டேப்பால் மூடிவிடுங்கள். அதன் பிறகே பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயர்கள்: கறுப்பு முதலில், சிவப்பு பின்னால்.

இணைக்கும்போது தலைகீழ். மீட்டரின் சோர்ஸ் பக்கத்தைக் கன்ட்ரோலரில் முடுக்குங்கள். லோடு பக்கச் சிவப்பு வயரில் ஃப்யூஸ் உறையைப் போட்டு, ஃப்யூஸைச் செருகாமல், பேட்டரி நேர்முனையில் முடுக்குங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பிறகு கறுப்பு. கடைசியாக ஃப்யூஸைச் செருகினால் மீட்டரின் திரை ஒளிரும், கன்ட்ரோலரும் ஒளிரும். பேனல் வயரை அதற்குப் பிறகே இணையுங்கள். பேட்டரி இல்லாமல் பேனலை இணைத்தால் பல கன்ட்ரோலர்கள் பழுதாகும்.

இன்வெர்ட்டரின் சொந்தக் கேபிள்களை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். பிறகு வாரன்டி கேட்டுப் போனால் அந்த வெட்டைத்தான் முதலில் காட்டுவார்கள்.

வேலை ஒரு மணி நேரம் பிடிக்கும். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது.

7. முதல் நாள் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சரியாகப் பொருத்திய முதல் நாள் எனக்கு 3 ஏஎச் காட்டியது. சித்திரை வெயிலில், 200 வாட் பேனலில்! பேனல் போலி என்றே முடிவுகட்டிவிட்டேன்.

காரணம் பேனல் அல்ல. இன்வெர்ட்டர் சுவர் மின்சாரத்தில் பேட்டரியை ஏற்கெனவே முழுதாக நிரப்பி 13.7 வோல்ட்டில் பிடித்துவைத்திருந்தது. நிரம்பிய குடத்தில் எந்தக் குழாயைத் திறந்தால் என்ன? சோலாரை அளக்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டருக்கு வரும் மெயின் மின்சாரத்தை அணைத்து, சில மணி நேரம் விசிறி, விளக்கை பேட்டரியில் ஓட்டி இடம் உண்டாக்கிவிட்டு, பிறகு இன்வெர்ட்டரை முழுவதும் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

இதே குழப்பம் சுவர் பிளக் மீட்டரிலும் உண்டு. இன்வெர்ட்டரின் பிளக்கில் அதைச் செருகினால், பேட்டரிக்குப் போவதோடு வீட்டு விசிறிக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டர் வழியாகப் போவதும் சேர்ந்தே பதிவாகும். அவற்றை அணைத்துவிட்டு எண்ணுங்கள்.

இன்னொரு ஏமாற்றம்: நண்பகலில் மீட்டர் 200 வாட் காட்டாது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவந்துவிடும். 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் தரும் பேனல், 13 வோல்ட்டில் அதே 11 ஆம்பியரைத்தான் தரும். 140 வாட் போலத்தான் வரும். வெயில் சூடும் தூசியும் சேர்ந்தால் இன்னும் குறையும். எனவே வாட்டைப் பார்க்காமல் ஆம்பியரைப் பாருங்கள். உச்சி வெயிலில் 9, 10 ஆம்பியர் வந்தால் பேனலுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமாக விழுகிறது என்று வைத்தால் 45 முதல் 50 ஏஎச் எதிர்பார்க்கலாம்.

என் மீட்டர் காட்டியது 28, 31, 27. பேனலைத் துடைத்தேன், ஒன்றிரண்டு கூடியது. பத்து மணி வாக்கில் ஆம்பியர் சரியாக இருந்தது. ஆனால் பதினொன்றரைக்கே 4 ஆம்பியருக்கு இறங்கிவிடும். கன்ட்ரோலர் "நிரம்பிவிட்டது" என்று பச்சை விளக்குப் போடும்.

8. இரண்டு இடத்து வோல்ட்டை ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள்

இந்த ஒரு வேலைதான் என் பதினைந்தாயிரம் ரூபாயைக் காப்பாற்றியது. பத்து மணி வாக்கில், 9 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். கன்ட்ரோலர் திரையில் எத்தனை வோல்ட்? மல்டிமீட்டரை நேராக பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்தால் எத்தனை? லக்கின் மேல் வைக்காதீர்கள், முனையின் மேல்.

எனக்குக் கன்ட்ரோலரில் 14.4, பேட்டரியில் 13.2.

நடுவில் 1.2 வோல்ட் காணவில்லை. எங்கே போனது? கன்ட்ரோலரை மாடிப்படிச் சுவரில் மாட்டி, பேட்டரிக்கு 6 மீட்டர் தூரம் வீட்டு வயரிங்கிற்கு வாங்கிய 1.5 சதுர மி.மீ. வயரை இழுத்திருந்தார்கள். போக, வர 12 மீட்டர். அந்த வயர் மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மில்லிஓம் தடை. 12 மீட்டருக்கு 0.14 ஓம், 9 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வயரிலேயே விழுந்துவிடும். கணக்கு அப்படியே பொருந்தியது.

கன்ட்ரோலருக்குத் தன் முனையில் இருக்கும் வோல்ட் மட்டுமே தெரியும். 14.4 வந்துவிட்டது, பேட்டரி நிரம்பப்போகிறது என்று நினைத்து ஆம்பியரைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரியோ பாதி வயிற்றோடு உட்கார்ந்திருக்கும். இப்படி மாதக்கணக்கில் அரைச் சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி உண்மையிலேயே வீணாகும். எங்கள் ஊரில் பகல் மின்வெட்டு அதிகமிருந்த மாதங்களில், மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று நான் மெயின் சார்ஜை அணைத்துவைத்து சோலாரையே நம்பியிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் விசிறி நின்றதன் மர்மம் இவ்வளவுதான்.

தடிமனான வயர் வாங்கி 6 மீட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. கன்ட்ரோலரைக் கழற்றி பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் மாட்டினேன். அந்த ஒரு மீட்டருக்கு மட்டும் 6 சதுர மி.மீ. வயர். பழைய மெல்லிய வயரைப் பேனல் பக்கத்து நீளத்தில் சேர்த்துவிட்டேன். பேனல் வெயில் சூட்டிலும் 16, 17 வோல்ட் தரக்கூடியது; வழியில் ஒன்றரை வோல்ட் போனாலும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்கு நட்டமில்லை. ஃப்யூஸ், லக் எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய். அடுத்த வாரம் வெயில் நாட்களில் 44, 47, 45 என்று வந்தது.

உங்களுக்கு வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரையும் லக்குகளையும் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வைத்தால் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் முனைகளை வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்துக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக்கூடாது.

நிரம்பும் நேரத்தில் மீட்டரின் ஆம்பியர் எண் நிலையில்லாமல் குதிக்கும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவதே காரணம். அந்த நேரத்துக் கணக்கைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா: பல்பு சோதனை

மூன்று, நான்கு நாள் ஒதுக்குங்கள். மின்வெட்டு அறிவிப்பு வந்திருக்கும் நாளில் வேண்டாம்.

முதல் நாள் மெயின் மின்சாரத்தில் முழுதாக சார்ஜ் ஏற்றி, இரவு இன்வெர்ட்டரை முழுவதும் அணைத்து, கன்ட்ரோலர் ஃப்யூஸையும் எடுத்து ஓய்வு கொடுங்கள். பேனல் பகலில்தான் தரும் என்றாலும் மறுநாள் காலை அது குறுக்கே வரக்கூடாது. ஆகவே இரவே பேனல் வயரையும் கழற்றிவிடுங்கள். காலையில் வோல்ட் 12.6, 12.7 இருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பார்த்து எழுதுங்கள். ஆறும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெகுவாகப் பின்தங்கினால் அந்த அறைதான் நோயாளி. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதை இந்தச் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே செய்திருக்க வேண்டும். இப்போது ஊற்றினால் எண்கள் பொய் சொல்லும்.

இரண்டாம் நாள் மீட்டரைக் கழற்றி, இந்த முறை பேட்டரியை சோர்ஸ் பக்கமும், இரண்டு 55 வாட் ஹெட்லைட் பல்புகளை லோடு பக்கமும் இணையுங்கள். ஃப்யூஸ் கட்டாயம். பல்புகளைச் செங்கல் மேல் வையுங்கள். விரல் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். சுமார் 9 ஆம்பியர் ஓடும். ஒவ்வொரு மணி நேரமும் ஏஎச், வோல்ட் இரண்டையும் குறியுங்கள். 60 ஏஎச் எடுத்ததும் நிறுத்துங்கள். ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்கு முன்பே வோல்ட் 11.8க்கு வந்தால் அப்போதே நிறுத்துங்கள்.

60 எடுத்த பிறகும், பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போதே 12 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் 11.8க்கு விழுந்தால் கடைக்காரர் சொன்னது சரி. தாள்களை எடுத்துக்கொண்டு வாரன்டிக்குப் போங்கள். என் பேட்டரி 58 ஏஎச்சில் 12.05 காட்டியது.

10. எடுத்ததும் கொடுத்ததும்

மூன்றாம் நாள் மீட்டரைப் பழையபடி கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே மாட்டி, சோலாரில் மட்டும் நிரப்பிப் பாருங்கள். 60 எடுத்தீர்கள் என்பதற்காக 60 கொடுத்தால் நிரம்பாது. ஈய-அமில பேட்டரி பத்து முதல் இருபது சதவீதம் கூடுதலாகக் கேட்கும். 66 முதல் 72 ஏஎச் போக வேண்டும். என் பேனலுக்கு அது ஒன்றரை நாள் வேலை. லித்தியம் பேட்டரியில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. கொடுத்தது ஏறக்குறைய அப்படியே திரும்ப வரும்.

நான் தெரியாமல் மாட்டிக்கொண்ட கடைசிப் பொறி இங்கே. இந்த வகை மீட்டர்களில் பெரும்பாலானவை 65 ஏஎச் வரைதான் எண்ணும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 65ஐ நெருங்கும்போது எண்ணை எழுதிக்கொண்டு, ஃப்யூஸை எடுத்துக் கணக்கைப் பூச்சியமாக்குங்கள். அதற்கு முன் பேனல் வயரைக் கழற்ற மறக்காதீர்கள். சாயங்காலம் வெயில் போன பிறகு செய்தால் பாதி வேலை மிச்சம்.

வாரன்டிக்குப் போக நேர்ந்தால், உங்கள் மீட்டர் கணக்கை ஏற்றுக்கொண்டு பேட்டரியை மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களுடைய ஆள் வந்து, அவர்களுடைய கருவியில் பார்ப்பார். ஆனால் தேதி தெரியும்படி எடுத்த படங்களும், மணிக்கு மணி எழுதிய தாளும், ஆறு அறைகளின் ஹைட்ரோமீட்டர் எண்ணும் கையில் இருந்தால், பத்து விநாடி கவ்வவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பமாட்டார். சார்ஜ் ஏற்றி முறைப்படி சோதிக்க பேட்டரியை எடுத்துப்போகச் சொல்லிக் கேட்க உங்களுக்கும் தைரியம் வரும். எடுத்துப்போனால் வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை மாற்று பேட்டரி கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள்.

சோதனை முடிந்ததும் மீட்டரைக் கழற்ற வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு எண், அன்றைய ஏஎச். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்னுடையது 8, 10 என்று விழுந்துவிடும். அந்த நாட்களில் மெயின் சார்ஜை மறக்காமல் போட்டுவிடுகிறேன். வெயில் நாளில் திடீரென்று பத்து குறைந்தால் முதலில் பேனலையும் லக்குகளையும் பார்ப்பேன். போன மாதம் அப்படிக் குறைந்தது. மேலே ஏறிப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தென்னையின் புது மட்டை ஒன்று இரண்டு மணிக்குமேல் பேனலின் ஒரு மூலையில் நிழல் போட்டுக்கொண்டிருந்தது.